ஈரலுக்குச் செல்லும் சிறு வழி: குர்துபாவிலிருந்து கண்டி மலை வரை

நமது மீலாத் விழா மேடைகளிலும் அஹதிய்யாப் பாடசாலைகளின் பரிசளிப்பு வைபவங்களிலும் தவறாமல் ஒலிக்கும் பெயர்களில் ஒன்று அபுல் காசிம் அல்-ஸஹ்ராவி. இப்னு ஸீனா, அல்-ராஸி ஆகியோரின் வரிசையில் அவருடைய பெயரையும் உச்சரித்து, ஐரோப்பா உறங்கிக் கிடந்த காலத்தில் சத்திரசிகிச்சைக்கு இலக்கணம் வகுத்தவர்கள் நாம் என்று முழங்கிவிட்டு அமர்வது பேச்சாளர்களின் வழக்கம். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அந்த மனிதர் எதைச் செய்யச் சொன்னார், எதை விட்டுவிடச் சொன்னார் என்பதை மேடையில் எவரும் விளக்கி நான் கேட்டதில்லை. அவரது நூலில் ஈரலைப் பற்றிய ஒரு சிறிய அத்தியாயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அது தொட்ட விடயம் ஆயிரம் ஆண்டுகளில் எங்கே வந்து நிற்கிறது என்று தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. ஈரல், பித்தக்கான், சதையி ஆகிய மூன்றிலும் வரும் நோய்களுக்கு வயிற்றைப் பெரிதாகத் திறக்காமலே சிகிச்சை செய்யலாம் என்ற செய்தி எங்கள் மலைக் கிராமங்களுக்கும் வந்துவிட்டது. “ஸேர், வெட்டாமலே கல்லை எடுக்கிறார்களாமே?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். வெட்டுவதில்லை என்றால் ஆபத்தும் இல்லை, ஆகவே அவசரமும் இல்லை என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். இன்னும் சிலர் கத்திக்குப் பயந்து, சிறு துளையால் தீர்ந்திருக்கக்கூடிய நோயைப் பெரிய வெட்டும் தீர்க்க முடியாத நிலைக்கு வளரவிடுகிறார்கள். இரு சாராருக்கும் இந்த வரலாறு பயன்படும்.

மேடையில் சொல்லப்படாத அத்தியாயம்

அல்-ஸஹ்ராவி ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில், இன்றைய ஸ்பெயினின் குர்துபா நகரை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்தவர். கி.பி. 1013ஆம் ஆண்டளவில் காலமானார். அவருடைய ‘அத்தஸ்ரீப்’ முப்பது பாகங்களைக் கொண்ட மருத்துவக் களஞ்சியம். அதன் இறுதிப் பாகம் முழுவதும் சத்திரசிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டது. கருவிகளின் உருவங்களையும் வரைந்து காட்டிய அந்தப் பாகத்தைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரெமோனா ஊரைச் சேர்ந்த ஜெராட் இலத்தீனுக்குப் பெயர்த்தார். அதன் வழியாகவே அது ஐரோப்பிய மருத்துவரின் கைகளுக்குப் போனது.

அந்தப் பாகத்தின் முதற்பகுதி சூட்டுக்கோலால் செய்யும் சிகிச்சைகளைப் பற்றியது. ஈரலில் சீழ்க்கட்டி உண்டானால் என்ன செய்வது என்று அதில் ஓர் அத்தியாயம் கூறுகிறது. கட்டி ஈரலின் சதைக்குள் இருக்கிறதா, அதை மூடியுள்ள சவ்வில் இருக்கிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். சதைக்குள் இருந்தால் நோயாளி பாரத்தையும் மந்தமான வலியையும் உணர்வார். சவ்வில் இருந்தால் வலி கூர்மையாக இருக்கும். பிறகு நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, கட்டியுள்ள இடத்தை மையால் அடையாளமிட்டு, மெல்லிய கோலைக் காய்ச்சி அந்த ஒரே இடத்தில் துளைத்து, சீழை வெளியேற்ற வேண்டும். வயிற்றைத் திறக்கச் சொல்லவில்லை.

அத்தியாயத்தின் முடிவில் அவர் விதிக்கும் நிபந்தனைதான் முக்கியமானது. இத்தொழிலில் நீண்ட பயிற்சி பெற்று, இந்நோயைப் பல தடவை தன் கையாலேயே கண்டு பழகியவர் மட்டுமே இதில் இறங்கலாம் என்கிறார். அதன் பிறகும், செய்யாமல் விட்டுவிடுவதே தமக்கு மேலாகப் படுகிறது என்று கூறி முடிக்கிறார்.

இடத்தை அறிதல், கைப்பழக்கம், வேண்டாதபோது விட்டுவிடும் நிதானம் ஆகிய மூன்றும் அவரது கோரிக்கைகள். பின்வந்த ஆயிரம் ஆண்டுகளில் சிறு வழி வெற்றிபெற்ற இடங்களில் இம்மூன்றும் ஒன்றுசேர்ந்திருந்தன. ஒன்று குறைந்த இடங்களில் உயிர்கள் போயின.

கோப்பி மலைகளும் கல்கத்தா ஊசியும்

அல்-ஸஹ்ராவி கண்ட சீழ்க்கட்டி பின்னாளில் வெப்பவலய நாடுகளின் பெருநோயாகப் பெயர் பெற்றது. 1815இல் கண்டியைக் கைப்பற்றிய பிரித்தானியர், 1817-18இன் ஊவாக் கிளர்ச்சியின்போது ஆயுதங்களால் இழந்தோரைவிடக் காய்ச்சலாலும் வயிற்றுளைவாலும் இழந்தோரே அதிகம். பின்னர் கோப்பி வந்தது. தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகவும் மாத்தளை வழியாகவும் காட்டுப் பாதையில் நடந்துவந்த தொழிலாளர் கொலராவாலும் வயிற்றுளைவாலும் வழியிலேயே மடிந்தனர். நக்கிள்ஸ் மலைச் சரிவில் இருக்கும் எங்கள் மடுல்கெல்லப் பகுதியும் அந்தக் கோப்பி மலைகளில் ஒன்றாக இருந்து, பிறகு தேயிலைக்கு மாறிய பகுதிதான். தவள மாடுகளுடன் இம்மலைகளில் வணிகம் செய்த நம் முன்னோரும் அதே ஓடைகளின் நீரைத்தான் அருந்தினர்.

வயிற்றுளைவு கண்டு தேறியவர்களில் சிலருக்கு, வாரங்களோ மாதங்களோ கழித்து, வலப்பக்க விலா எலும்பின் கீழ் வலியும் காய்ச்சலும் தோன்றும். ஈரலில் சீழ் கட்டியிருக்கும். வெயிலும் மதுவும்தான் காரணம் என்று நெடுங்காலம் நம்பினர். 1875இல் ரஷ்யாவின் சென்ற் பீற்றர்ஸ்பேர்க்கில் லோஷ் என்பவர் வயிற்றுளைவு நோயாளியொருவரின் மலத்தில் அமீபாவைக் கண்டார். 1886-87இல் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பணியாற்றிய கார்ட்டூலிஸ், ஈரல் கட்டியின் சீழிலும் அதே உயிரியைக் கண்டார். குடலிலிருந்து இரத்தக் குழாய் வழியே ஈரலுக்கு ஏறிச் சென்றது அந்த அமீபாதான்.

அக்காலத்து ஐரோப்பிய மருத்துவர்கள் கட்டியைப் பெரிதாகத் திறந்து சீழை வடியவிட்டனர். அவ்வாறு திறக்கப்பட்ட இராணுவ நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கல்கத்தாவில் பணியாற்றிய லெனார்ட் ரொஜர்ஸ் அதற்கான காரணத்தைத் தேடினார். அமீபாக் கட்டியின் சீழில் பெரும்பாலும் வேறு கிருமிகள் இருப்பதில்லை என்பதை அவர் கவனித்தார். கத்தியால் திறந்த வாயின் வழியாகவே வெளிக்கிருமிகள் உள்ளே போகின்றன. ஆகவே கட்டியைத் திறக்காமல் ஊசியால் சீழை உறிஞ்சி எடுக்க வேண்டும், அமீபாவைக் கொல்லும் மருந்தையும் கொடுக்க வேண்டும் என்றார். இப்பிகாக் வேரிலிருந்து எடுக்கப்படும் எமெட்டினை ஊசி மருந்தாக 1912இல் அவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். திறந்து வடித்தபோது பாதிக்கு மேல் இருந்த இறப்பு, ஊசியும் மருந்தும் சேர்ந்தபோது ஏறக்குறைய ஏழில் ஒன்றாகக் குறைந்தது. இதைச் செய்யப் புதிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. நோயைப் பற்றிய சரியான அறிவே போதுமாக இருந்தது.

1966இல் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து பவலும் தோழர்களும் மெற்றோனிடசோல் மாத்திரை ஈரலின் அமீபாக் கட்டியையும் குணமாக்கும் என்று அறிவித்தனர். இன்று பெரும்பாலான அமீபாக் கட்டிகளுக்கு அம்மருந்தே போதும். கட்டி மிகப் பெரிதாக இருந்தால், அல்லது ஈரலின் இடப்புறச் சோணையில் இருந்து இதய உறைக்குள் உடையக்கூடும் என்று அஞ்சினால், அல்லது சில நாட்கள் மருந்து கொடுத்தும் காய்ச்சல் தணியாவிட்டால் மட்டும் ஊசி போடுகிறார்கள். அன்று மையால் இட்ட அடையாளத்தின் வேலையை இன்று ஸ்கேன் செய்கிறது. கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் 1958இல் உலகறியச் செய்த கேளா ஒலிப் படமுறையின் வளர்ச்சி அது. ஊசியின் நுனி எங்கே போகிறது என்பதை மருத்துவர் திரையில் பார்த்தபடியே செலுத்துகிறார்.

இந்நோய் நம் நாட்டில் இன்னும் மறையவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் வடபகுதியில் காணப்படும் ஈரல் கட்டிகள் அமீபாவினால் ஆனவையே என்பதை ஆய்வுகூடச் சோதனைகளால் உறுதிசெய்து 2017இல் வெளியிட்டனர். அங்கே நோயாளிகளில் ஏறத்தாழ அனைவரும் ஆண்கள்; பெரும்பாலோர் கள் அருந்துபவர்கள். இதைப் படித்துவிட்டு, அந்தப் பழக்கம் நமக்கில்லை, ஈரல் நோயும் நமக்கில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அதற்கான காரணத்தைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன்.

செங்கமாரியும் பித்தக்கானும்

ஈரலில் ஊறும் பித்தம் பித்தக்கானின் வழியே இறங்கி, சதையியிலிருந்து வரும் கானுடன் சேர்ந்து, முன்சிறுகுடலின் ஒரு சிறிய முகையில் திறக்கிறது. பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் பிள்ளைகள் வரையும் படம்தான். தமிழ்நாட்டார் கணையம் என்று சொல்வதை நாம் சதையி என்கிறோம். அந்தப் பொது வாய் அடைபட்டால் பித்தம் இரத்தத்தில் ஏறும்; கண் மஞ்சளாகும்.

இங்கே நம் ஊர்களில் ஒரு குழப்பம் உண்டு. கண் மஞ்சளானால் அதற்குப் பெயர் செங்கமாரி, மருந்து கீழ்க்காய்நெல்லி, கூடவே பத்தியமும் ஓதிய தண்ணீரும். செங்கமாரியில் ஒரு வகை வைரசினால் வருவது. அசுத்த நீரினால் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ அவற்றுள் ஒன்று. அது அநேகமாகச் சில வாரங்களில் தானாகவே மாறிவிடும். அந்த வாரங்களில் எதைக் குடித்தாலும் புகழ் குடித்த மருந்துக்குப் போய்விடும். கல்லோ கட்டியோ கானை அடைத்ததால் வரும் செங்கமாரி மற்றொரு வகை. அது இலைச்சாற்றுக்கு வழிவிடாது. மலம் களிமண் நிறத்தில் வெளுத்துப்போவதும், சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் இருப்பதும், தோலில் ஓயாத அரிப்பும் அடைப்பைச் சந்தேகிக்க வைக்கும் அறிகுறிகள். இவற்றுடன் நடுக்கக் காய்ச்சலும் வலியும் சேர்ந்தால், அடைபட்ட கானுக்குள் கிருமி பெருகுகிறது என்று கொள்ளலாம். அப்போது ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. துஆக் கேட்பதற்கும் பஸ் ஏறுவதற்கும் இடையில் முரண்பாடு எதுவுமில்லை. இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம்.

அடைபட்ட கானைத் திறக்கும் சிறு வழி இரு திசைகளிலிருந்து வந்தது. ஒன்று தோலின் வழி. 1937இல், பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த ஹனோய் நகரில், ஹுவார் என்ற பிரெஞ்சு மருத்துவரும் டோ சுவான் ஹொப் என்ற வியட்நாமிய மருத்துவரும் ஈரலின் ஊடாக ஊசியைச் செலுத்திப் பித்தக்கானுக்குள் சாய மருந்தை விட்டு எக்ஸ்ரேயில் அதன் உருவத்தைக் கண்டனர். ஊசி தடிப்பாக இருந்ததால் இரத்தமும் பித்தமும் கசியும் ஆபத்து இருந்தது. 1970களில் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஒகுடாவின் குழுவினர் வளைந்து கொடுக்கும் மெல்லிய ஊசியைப் பயன்படுத்தி அந்த ஆபத்தைக் குறைத்தனர். இதற்கிடையில் 1953இல் சுவீடனின் செல்டிங்கர் ஓர் எளிய உபாயத்தைக் கண்டிருந்தார். ஊசிக்குள் மெல்லிய கம்பியை விட்டு, ஊசியை உருவிவிட்டு, அந்தக் கம்பியின் மேலாகக் குழாயை நுழைப்பதே அது. இரத்தக் குழாய்களுக்காக அவர் கண்ட அம்முறை பின்னர் ஈரலுக்கும் பித்தக்கானுக்கும் வந்து சேர்ந்தது. இன்று ஈரலில் வைக்கப்படும் வடிகுழாய்களில் பல அந்தக் கம்பியின் மேல் ஏறியே உள்ளே போகின்றன.

மற்றது வாயின் வழி. 1868இல் ஜேர்மனியின் குஸ்மால், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டைக்குள் நேர்க்குழாயைச் செலுத்தி இரைப்பையைப் பார்க்க முயன்றார். எல்லாரும் வாள் விழுங்கிகளாக முடியாதல்லவா? வளையும் குழாய் வேண்டியிருந்தது. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் அவருடைய ஆசிரியர் ஹெரால்ட் ஹொப்கின்ஸும் வளைந்த கண்ணாடி இழைக் கற்றையின் ஊடாக உருவத்தைக் கடத்தலாம் என்று 1954இல் லண்டனிலிருந்து காட்டினர். அதைக் கொண்டு அமெரிக்காவில் ஹிர்ஷோவிற்ஸ் வளையும் அகநோக்குக் கருவியை ஆக்கி, 1957இல் முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார்.

அக்கருவி முன்சிறுகுடல் வரை சென்றபோது பித்தக்கானின் வாய் கண்ணுக்குத் தெரிந்தது. 1968இல் அமெரிக்காவில் மெக்கியூன் குழுவினர் அதற்குள் மெல்லிய குழாயை நுழைத்தனர். 1974இல் ஜப்பானின் கவாயும் ஜேர்மனியின் கிளாசன், டெம்லிங் ஆகியோரும் அந்த வாயைச் சில மில்லிமீற்றர் அறுத்துக் கல்லை எடுக்கும் முறையை வெளியிட்டனர். இந்தோனேசியாவில் பிறந்து ஹம்பேர்க்கில் பணியாற்றிய நிப் சோஹெந்திரா, 1979-80 அளவில் கல்லும் கட்டியும் அடைத்த கானுக்குள் பிளாஸ்டிக் குழாயை வைத்துப் பித்தத்தை ஓடவிட்டார். மருத்துவர்கள் இன்று ‘ஈ.ஆர்.சி.பி.’ என்று சுருக்கமாகச் சொல்வதும் ‘ஸ்டென்ட்’ வைப்பதாகச் சொல்வதும் இவற்றைத்தான்.

தோலில் ஒரு கீறல்கூட இல்லை. ஆயினும் அந்த வாய் சதையிக்கும் பொதுவானது என்று முன்னர் சொன்னேன். அதைத் தொந்தரவு செய்தால் சதையி வீங்கி அழற்சி அடையலாம். நூறு பேரில் மூன்று முதல் பத்துப் பேர் வரை இது நேர்கிறது. சிலருக்குக் கடுமையாகவும் முடியும். 2012இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இந்த ஆபத்து அதிகமுள்ள 602 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மலிவான இண்டோமெதசின் மருந்தை ஆசனவாய் வழியாக வைத்தபோது அழற்சி நூற்றுக்கு 16.9இலிருந்து 9.2ஆகக் குறைந்தது. படமெடுப்பதற்கு மட்டும் இம்முறையைப் பயன்படுத்தும் வழக்கமும் இன்று அருகிவிட்டது, அதற்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் போதும். எடுக்க வேண்டிய கல்லோ திறக்க வேண்டிய அடைப்போ இருந்தால்தான் உள்ளே போகிறார்கள். விட்டுவிடுவது மேல் என்ற பழைய நிதானம் இங்கே ஒரு விதியாகவே மாறியிருக்கிறது.

ஏளனத்துக்கு ஆளான துளை

பித்தப்பையின் கதை வேறொரு பாடம். 1882 ஜூலை 15ஆம் திகதி பெர்லினில் கார்ல் லாங்கன்பூஹ் முதன்முதலாக நோயுற்ற பித்தப்பையை அகற்றினார். அதன் பின் நூறாண்டுகளுக்கும் மேலாக, விலா எலும்பின் கீழ் நீண்ட வெட்டே ஒரே வழியாக இருந்தது. 1985 செப்டெம்பர் 12ஆம் திகதி ஜேர்மனியின் பேப்லிங்கன் நகரில் எரிக் மூஹே சிறு துளைகள் வழியாக அதே பித்தப்பையை எடுத்தார். மறு ஆண்டு ஜேர்மன் சத்திரசிகிச்சையாளர் மாநாட்டில் அதை அறிவித்தபோது பாராட்டு கிடைக்கவில்லை, ஏளனமே கிடைத்தது. 1987இல் லியோன் நகரின் மூரே செய்து, பிரான்சிலிருந்து அமெரிக்காவுக்கும் அம்முறை பரவிய பின், 1992இல்தான் அவரது சொந்தச் சங்கம் அவருக்குப் பரிசளித்தது.

இந்தியாவில் 1990இல் மும்பாய் ஜே.ஜே. வைத்தியசாலையில் தெஹெம்டன் உத்வாடியா இதனைத் தொடங்கிவைத்தார். அவர் தனியார் சொகுசு வைத்தியசாலையொன்றில் தொடங்காமல், ஏழைகள் வரும் அரச வைத்தியசாலையில் தொடங்கினார் என்பது கவனிக்கத்தக்கது. அன்றாடக் கூலியில் வாழ்பவருக்குத்தான் விரைவில் வேலைக்குத் திரும்புவது அவசியம் என்பது அவரது வாதம். முதுகில் கூடையுடன் மலை ஏறும் தேயிலைத் தோட்டப் பெண்ணைத் தினமும் காணும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. விலாவின் கீழ் பெரிய வெட்டுடன் எத்தனை வாரம் அவர் வீட்டில் இருக்க முடியும்? அந்த வாரங்களின் சம்பளத்தை யார் தருவார்?

ஆனால் புதுமை பரவிய வேகத்தில் பயிற்சி பரவவில்லை. 1990களின் தொடக்கத்தில், பித்தப்பையின் குழாயென எண்ணிப் பிரதான பித்தக்கானையே அறுத்துவிடும் விபத்துகள், திறந்த சத்திரசிகிச்சைக் காலத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகின. ஆயிரத்தில் சிலருக்கு நேரும் விபத்துதான். நேர்ந்தவருக்கு அது வாழ்நாள் துன்பம். 1995இல் அமெரிக்காவின் ஸ்ட்ராஸ்பேர்க் ஓர் ஒழுங்கை வகுத்தார். பித்தப்பைக்குள் போகும் இரண்டே இரண்டு அமைப்புகளை எல்லாப் பக்கமும் தெளிவாகக் காணும் வரை எதையும் அறுக்கக் கூடாது. அப்படிக் காண முடியாவிட்டால் துளைவழியைக் கைவிட்டு வயிற்றைத் திறப்பதில் இழிவு எதுவுமில்லை. வைத்தியர் “துளையால் தொடங்கிப் பிறகு வெட்ட நேர்ந்தது” என்றால், நம்மவர்கள் அதைத் தோல்வியென்று பேசுகிறார்கள். பெரும்பாலும் அது நோயாளியைக் காத்த முடிவாகவே இருக்கும்.

சதையி கற்பித்த பொறுமை

வயிற்றின் பின்புறத்தில் மறைந்திருக்கும் சதையி மருத்துவர்களை மிகவும் அடக்கிவைத்த உறுப்பு. பித்தக்கல்லாலோ மதுவாலோ கடும் அழற்சி கண்டு, அதன் ஒரு பகுதி அழுகிக் கிருமியும் சேர்ந்தால், வயிற்றைத் திறந்து அழுகலை அகற்றுவதே நெடுங்கால வழக்கம். 2010இல் நெதர்லாந்து மருத்துவர்கள் 88 நோயாளிகளிடம் செய்த ஆய்வை வெளியிட்டனர். ஒரு சாராருக்கு உடனே திறந்த சத்திரசிகிச்சை. மறு சாராருக்கு முதலில் வடிகுழாய் மட்டும். அது போதாதவர்களுக்குச் சிறு துளையால் அழுகலை அகற்றல். உயிரிழப்போ பெரிய பாதிப்போ முதல் சாராரில் நூற்றுக்கு 69 பேருக்கும், படிப்படியாகச் சென்ற சாராரில் 40 பேருக்கும் நேர்ந்தன. படிப்படியாகச் சென்றோரில் 35 வீதத்தினருக்கு வடிகுழாயே போதுமாக இருந்தது. அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. சீழை வடியவிட்டுக் காத்திருக்கும் இந்த முறையைக் கண்டால் ரொஜர்ஸ் தமது கல்கத்தா ஊசியை அடையாளம் கண்டிருப்பார்.

சதையியின் தலைப்பகுதியில் வரும் புற்றுநோய்க்குச் செய்யப்படும் மிகப் பெரிய சத்திரசிகிச்சையையும் துளைவழியாகச் செய்ய முடியுமா? கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையின் சி. பழனிவேலு குழுவினர் 64 நோயாளிகளிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டு 2017இல் வெளியிட்டனர். துளைவழியில் சென்றவர்கள் இடைநிலையாக 7 நாட்களிலும், திறந்த முறையில் சென்றவர்கள் 13 நாட்களிலும் வீடு திரும்பினர். தமிழர் என்ற வகையில் நாம் மகிழத்தக்க செய்தி. ஆனால் நெதர்லாந்தில் பல வைத்தியசாலைகள் சேர்ந்து செய்து 2019இல் வெளியிட்ட அதே வகை ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டிருந்தது. துளைவழியில் 50 பேரில் 5 பேரும், திறந்த முறையில் 49 பேரில் ஒருவரும் சிகிச்சைச் சிக்கல்களால் இறந்திருந்தனர். அங்கிருந்தவர்களும் பயிற்சி பெற்றவர்களே. போதிய அனுபவம் இன்னும் திரளாதது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினர். கோயம்புத்தூரில் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் ஒரே கைகள் செய்து பழகிய வேலையை, கருவியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு இன்னோர் இடத்தில் செய்துவிட முடியாது. பல தடவை தன் கையால் கண்டு பழகியவர் மட்டும் என்று குர்துபாவில் எழுதப்பட்ட நிபந்தனை இன்று எண்களாக வந்து நிற்கிறது.

நமது மலையும் நமது ஈரலும்

மது அருந்தாத சமூகத்துக்கு ஈரல் நோய் வராது என்ற நம்பிக்கைக்கு இனி வருவோம். 2007இல் ராகமைப் பகுதியில் நடத்தப்பட்ட ஆய்வில், வளர்ந்தோரில் நூற்றுக்கு 32.6 பேருக்கு மதுவுடன் தொடர்பில்லாத கொழுப்பு ஈரல் இருந்தது. அது நகர்ப்புறம், உட்கார்ந்து வேலை செய்வோர் என்று சொல்லலாம். நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப்புற மக்களிடம், அதாவது உடலுழைப்பும் குறைந்த வருமானமும் உள்ளவர்களிடம், செய்த ஆய்விலும் 18 வீதம் இருந்தது. நீரிழிவும் பருத்த வயிறும் சேரும்போது அது வளர்கிறது. அவர்களில் சிலருக்கு ஈரல் சுருங்கி இறுகுகிறது. சுருங்கிய ஈரலில் புற்றுநோயும் தோன்றலாம். நமது கலியாண வீட்டுச் சாப்பாட்டையும், நோன்பு மாதத்து எண்ணெய்ப் பலகாரத்தையும், நம் குடும்பங்களில் நீரிழிவு உள்ளவர்களின் எண்ணிக்கையையும் ஒவ்வொருவரும் தம் வீட்டிலேயே கணக்கெடுத்துப் பார்க்கலாம்.

ஈரல் புற்றுநோய் சிறிதாக இருக்கும்போதே தெரிந்துவிட்டால், அதற்கும் சிறு வழி உண்டு. 1990களின் தொடக்கத்தில் இத்தாலியில் ரொஸ்ஸி என்பவர் ஸ்கேனின் துணையுடன் ஈரலுக்குள் ஊசியைச் செலுத்தி, வானொலி அலைவரிசை மின்னோட்டத்தால் அதன் நுனியைச் சூடாக்கிக் கட்டியை எரிக்கும் முறையைக் கையாளத் தொடங்கினார். காய்ச்சிய கோலை மையிட்ட இடத்தில் வைத்த அல்-ஸஹ்ராவிக்கு இது முற்றிலும் அந்நியமாக இருந்திராது. ஏறக்குறைய மூன்று சென்ரிமீற்றருக்கு உட்பட்ட கட்டியில் இது நன்கு பலிக்கும்; வளர்ந்துவிட்டால் பலன் குறையும். சிறு வழிகள் எல்லாம் மூடிய பிறகு எஞ்சுவது ஈரல் மாற்றம். அத்துறையில் உலகப் பெயர் பெற்றவர், 1997இல் லண்டனில் பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்கு ஈரல் பொருத்திய முகமது ரேலா, தமிழ்நாட்டு முஸ்லிம் என்பதையும் நமது மேடைகள் அறிந்துகொள்ளலாம். ஆனால் அந்த எல்லைக்குப் போகும் முன் தடுப்பதே நமக்குக் கட்டுப்படியாகும் வழி.

சிறு துளை என்பதால் அதற்குப் பின்னால் இருப்பவை சிறியனவல்ல. ஸ்கேன் இயந்திரம், எக்ஸ்ரே, மயக்க மருந்து, இரத்த வங்கி, பயின்ற தாதிமார், பல ஆண்டு பழகிய கை ஆகிய அனைத்தும் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாடு டொலரின்றித் தவித்தபோது, மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் திகதி குறிக்கப்பட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்திவைக்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அங்கே கைகள் இருந்தன, கண்ணும் இருந்தது, மருந்துதான் இல்லை. இலவச மருத்துவம் தானாக ஓடும் நதி அல்ல என்பதை அந்நாட்கள் நமக்குக் காட்டின.

இத்தகைய வசதிகள் பெரிய வைத்தியசாலைகளில்தான் இருக்கும். மடுல்கெல்லயிலிருந்து பன்வில, வத்தேகம வழியாகக் கண்டிக்குப் போகும் பாதை அதிக தூரமானதல்ல. கண் மஞ்சளான நாளிலிருந்து அந்தப் பஸ்ஸில் ஏறும் நாள் வரை நாம் கடத்தும் வாரங்களே நீளமானவை. கல் கானை அடைத்த முதல் வாரத்தில் அரை மணி நேரத்தில் முடியக்கூடிய வேலை, கிருமி இரத்தத்தில் ஏறிய பிறகு உயிர்ப் போராட்டமாகிறது.

ஆகவே பள்ளிவாசல் நிருவாகங்களையும் அஹதிய்யா ஆசிரியர்களையும் பாடசாலை அதிபர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த விழாவில் அல்-ஸஹ்ராவியின் பெயரைச் சொல்லும்போது, ஈரல் கட்டி பற்றிய அவரது அந்த அத்தியாயத்தையும் சொல்லுங்கள். கூடவே வெளுத்த மலம், அரிப்பு, நடுக்கக் காய்ச்சல் என்ற அறிகுறிகளையும், நாற்பது வயது கடந்த நீரிழிவு நோயாளிகள் ஈரலையும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். கொதித்தாறிய நீரையும் கை கழுவுவதையும் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். வைத்தியர் துளைவழி என்றால், அதை ஏன் செய்கிறார், செய்யாவிட்டால் என்னவாகும், அங்கே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள் என்று மரியாதையாகக் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு என்பதையும் சொல்லுங்கள். கைதட்டல் சற்றுக் குறையலாம். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மறுநாள் காலை கண்டி பஸ்ஸில் ஏறினால் அது போதும்.